அரளிப் பொட்டலம்

என் தங்கை மேல் நான் கேஸ் போட்டது நிலத்துக்காக என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். என் வக்கீலும் அப்படித்தான் நினைத்தார், பிராதிலும் அப்படியே எழுதினார். செம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் அய்யாவின் நிலம் வரும். மொத்தம் நாலு ஏக்கர். மேற்கே இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், வரப்போரமாகப் பதினெட்டுத் தென்னை. கிழக்கே இரண்டு ஏக்கர் வத்தலக்குண்டு ரோட்டை ஒட்டிய மானாவாரி, மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் வெறும் கட்டாந்தரை. கிணற்றை அய்யாவே கூலியாட்களோடு கூட நின்று வெட்டியது.

இந்த வயதில் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது. எனக்கு ஒரு கீரைப்பாத்தி கட்டக்கூடத் தெரியாது. கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாகல்நகரில் என் வீட்டுக்காரர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அந்த நிலம் இல்லாமல் நான் நன்றாகவே இருந்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது என் தங்கையின் முகம் ஒரு தடவையாவது வாடுவதைப் பார்ப்பது.

அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். அய்யாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது, நாங்கள் இரண்டு பேர்தான். என்னை டவுனுக்குக் கட்டிக்கொடுத்தார், அவளுக்கு வீட்டோடு மாப்பிள்ளை பார்த்தார். எது அதிர்ஷ்டம் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் என்னைத்தான் காட்டுவார்கள். ஆனால் நான் ஊருக்குப் போனால் அய்யா என்னை வா என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் "சின்னவ எங்க?" என்பார். சின்னாளபட்டிச் சேலை எடுத்தால் ஒரே மாதிரி இரண்டு எடுப்போம், அவளுக்குத்தான் எடுப்பாக இருக்கும். அவள் வைத்த கனகாம்பரம் சாயங்காலம் வரை வாடாது, என் தலையில் மத்தியானமே தொங்கிப்போகும். இதையெல்லாம் நான் கணக்கு வைத்திருந்தேன்.

அய்யாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்து நான் அடித்துப்பிடித்துப் போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, என் கையை இறுக்கிப் பிடித்து, அவள் பேரைச் சொன்னார். இரண்டு தடவை சொன்னார். மறுநாள் விடியும்முன் போய்விட்டார்.

காரியம் முடிந்த முப்பதாம் நாள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன்.

நோட்டீஸ் கிடைத்ததும் அவள் எங்கள் தாய்மாமனைச் சைக்கிள் கடைக்கு அனுப்பினாள். மாமா டீயைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "இதுக்கெதுக்குத்தா வக்கீலு? பாதி ஒனக்கு, பாதி அவளுக்கு. வந்து அளந்து எடுத்துக்கன்னு சொல்லிவிட்டா. அம்புட்டுத்தான்."

நான் கேட்டது பாதிதான். நோட்டீஸில் எழுதியிருந்ததும் பாதிதான். அதை அவள் ஒரு வாய்ப்பேச்சில் தூக்கிக் கொடுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழுதுகொண்டே கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன். "நோட்டீசுக்குப் பதினஞ்சு ரூவா ஆயிருக்கு. அத யாரு குடுக்கிறது?" என்று மாமாவிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பதினைந்து ரூபாயைத் தானே தந்துவிடுகிறேன் என்றார். உங்களிடம் வாங்க மாட்டேன், அவள் கையால் வரவேண்டும் என்றேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். பதினைந்து ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய சங்கதி, அன்றைக்குத்தான் கோர்ட்டுக்குக் கிளம்பியது.

ஸ்டாம்பு, வக்கீல் பீஸ், குமாஸ்தாவுக்கு, பிராது நகலுக்கு என்று முதல் மாதத்திலேயே என் அட்டிகை போயிற்று. என் வீட்டுக்காரர் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டே, "செலவெல்லாம் அவகிட்ட வாங்கிரலாமில்ல?" என்று மட்டும் கேட்டார். செலவுத் தொகையோடு தீர்ப்பு வரும் என்று அவருக்கும் எனக்கும் நானே சொல்லிக்கொண்டேன்.

வாய்தாவுக்கு வாய்தா அவளைப் பார்க்க வேண்டியிருந்தது. பிரதிவாதி என்றால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் தூக்குச்சட்டியில் புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு வருவாள். கோர்ட்டு வளாகத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, பக்கத்தில் யார் யாரோ கேஸுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கையில் உருட்டிக் கொடுப்பாள். என் வக்கீலின் குமாஸ்தாவே ஒருநாள் அவளிடம் கத்தரிக்காய் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தேன். என் காசில் வேலை பார்க்கிற ஆள். அந்த ஆளிடம் நான் ஒரு வருஷம் சரியாகப் பேசவில்லை.

தேங்காயும் அனுப்புவாள். தென்னை வெட்டும்போதெல்லாம் பஸ் கண்டக்டரிடம் ஒரு சாக்கில் இருபது காய் கொடுத்துவிடுவாள், அது கடையில் வந்து இறங்கும். திருப்பி அனுப்புங்கள் என்று சொல்வேன். என் வீட்டுக்காரர் சரி என்பார். பிறகு பார்த்தால் கடைக்குள் டியூப் மூட்டைக்குப் பின்னால் பத்துக் காய் இருக்கும். ஒருதரம் நான் அந்தச் சாக்கோடு வக்கீல் வீட்டுக்கே போய்விட்டேன். எனக்குப் பங்கு உண்டு என்று அவளே ஒத்துக்கொண்டதற்கு இது ஆதாரம் என்றேன்.

"பங்கு இல்லேன்னு அவங்க எங்கேயும் சொல்லலியேம்மா. பதில் மனுவிலயே பாதி தர்றேன்னுதான் இருக்கு," என்றார் வக்கீல். அவர் நிதானமான மனுஷன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார். "எந்தப் பாதிங்கிறதுதான் இப்ப பாக்கி. அதுக்குக் கோர்ட்டுல கமிஷனர் போடணும், ஆளு வந்து அளக்கணும், எல்லாம் செலவு. நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசுனா ஒரு நாள் வேல."

எந்தப் பாதி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிணற்றுப் பாதி எனக்கு வேண்டும். அவள் குடியிருப்பதும் உழுவதும் இறைப்பதும் அங்கேதான், அதனால் அது எனக்கு வேண்டும்.

வக்கீல் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் அது உள்ள வழக்கம்தான். சாமி முன்னால் இரண்டு வாழையிலைப் பொட்டலம் வைப்பார்கள், ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் மல்லிகை. அரளி வந்தால் கிணற்றுப் பாதி, மல்லிகை வந்தால் ரோட்டுப் பாதி. எது வந்தாலும் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு மறுநாள் ராஜி மனுவில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அதுவரை ஆன செலவு அவரவருக்கு. அய்யா கிடா வெட்டிய ஊர் அம்மன் கோயிலில் வைத்துக்கொள்வது என்று பேச்சு.

அன்றைக்கு நானும் வீட்டுக்காரரும் முதல் பஸ்ஸில் போனோம். கோயிலில் மாமா, பூசாரி, தங்கை, அவள் புருஷன். வழக்கப்படி பங்கு பிரித்தால் இளையவர்தான் முதலில் எடுக்க வேண்டும். பூசாரி அவளைத்தான் கூப்பிட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அக்காளே எடுக்கட்டும்," என்றாள்.

எடுத்தேன். வாழைநாரைப் பிரித்தேன், உள்ளே செவ்வரளி.

கிணறு எனக்கு. அந்த நிமிஷம் உடம்பெல்லாம் குளிர்ந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனை வருஷம் காத்திருந்து பார்க்கிறேன். வீடு வாசலும், பதினெட்டுத் தென்னையும், தண்ணீரும் போய்க் கட்டாந்தரையை வாங்கிக்கொண்டு நிற்கிறவள் முகம் எப்படி இருக்க வேண்டும்?

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது எனக்குப் புரிந்தது. இவள் பல் தெரியச் சிரித்தாள். எனக்குச் சொரேர் என்றது. மாமா என் நெற்றியில் திருநீறு பூசினார், பூசாரி தேங்காய் உடைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அவள் கூப்பிட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நடையைக் கட்டினேன். ஒன்றரை மைலும் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

பஸ்ஸில் வீட்டுக்காரர் கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. எதற்குச் சிரித்தாள்? ரோட்டை ஒட்டிய நிலம். ரோட்டோரமாக நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு நல்ல காலம் வருகிறது என்று பஸ்ஸில் யாரோ பேசியது ஞாபகம் வந்தது. செம்பட்டியில் அரிசி மில் வைக்க ஒருவர் இடம் தேடுகிறார் என்று போன வாரம் கடையில் பேசிக்கொண்டார்கள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் "அக்காளே எடுக்கட்டும்" என்று பெரிய மனுஷி போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சின்னாளபட்டி விலக்கு தாண்டுவதற்குள் எனக்கு எல்லாம் பட்டப்பகலாகத் தெரிந்துவிட்டது.

மறுநாள் கையெழுத்துப் போட நான் போகவில்லை. அதற்கு மறுநாள் வக்கீலிடம் போய், எனக்கு ரோட்டுப் பாதிதான் வேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாமி முன்னால எடுத்தீங்களேம்மா."

"சாமிக்கு அரிசி மில்லு வாரது தெரியுமா?" என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது அவ்வளவு கோபமாகத்தான் கேட்டேன்.

வக்கீல் எதிர்த் தரப்புக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு வாரத்தில் அவள் வக்கீலே கோர்ட்டில் ஒரு மெமோ போட்டுவிட்டார். வாதி எந்தப் பாதியைக் கேட்டாலும் பிரதிவாதி அதைக் கொடுக்கத் தயார், இன்றைக்கே ராஜியாகப் போகலாம், இதற்கு மேல் செலவு வைக்க வேண்டாம். என் வக்கீல் அதை வாசித்துக் காட்டினார். இப்போதாவது சந்தோஷப்படுவேனா என்று என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. ரோட்டுப் பாதியைக் கேட்டதும் உடனே கொடுக்கிறாள் என்றால், கிணற்றுப் பாதியில்தான் ஏதோ இருக்கிறது. சும்மா கொடுப்பாளா? அய்யா எதையாவது புதைத்து வைத்தாரா, ஊற்று பெரிதாகப் பிடித்திருக்கிறதா, என்னமோ ஒன்று. "அவ எதக் குடுத்தாலும் எனக்கு வேண்டாம்," என்றேன்.

"அப்ப உங்களுக்கு என்னதாம்மா வேணும்?" என்று கேட்டார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். வாசல்வரை வந்து அவர் சொன்னது இது: "நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. இந்த மெமோ பதிவுல இருக்கு. இனிமே ஆகுற செலவுக்கு நாள ஜட்ஜ் உங்களத்தான் கேப்பாரு."

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓடியது. கேஸ் முடியும்வரை நிலம் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், யாரும் எதையும் மாற்றக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கினேன். மோட்டார் வைக்கக் கூடாது, கிணற்றில் தூர் வாரக்கூடாது. அவள் என் நிலத்தில் எதையும் செய்து பேர் வாங்கிவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். நடுவில் ஒரு பெரிய மழையில் கிணற்றின் வடக்குப் பக்கம் சரிந்து உள்ளே விழுந்தது. எடுத்துக்கட்ட அனுமதி கேட்டு அவள் மனுப் போட்டாள், நான் ஆட்சேபித்தேன். அந்த மனு விசாரணைக்கு வருவதற்குள் கோடை வந்துவிட்டது. தண்ணீர் அடியில் குழம்பாகக் கிடந்தது. தென்னை ஒவ்வொன்றாக மட்டை தொங்கிக் காய்ந்தது. தேங்காய்ச் சாக்கு வருவது நின்றது. அவள் இரண்டு கறவை மாட்டையும் விற்றாள் என்று கேள்விப்பட்டு நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன். வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

எங்கள் பக்கமும் கரைந்துகொண்டுதான் இருந்தது. கடையில் பன்னிரண்டு சைக்கிள் இருந்தது ஏழானது. கமிஷனராக ஒரு இளம் வக்கீலைக் கோர்ட்டு நியமித்தது. அவர் குடையும் சங்கிலியும் ஒரு சர்வேயருமாக வந்து மூன்று நாள் அளந்தார். அவருடைய தினப்படியை முன்கூட்டியே நான்தான் கட்டினேன். மூன்று நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் போனது அவள் வீட்டுக்கு. என்ன வெஞ்சனம் வைத்தாளோ, கடைசி நாள் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து, "உங்க தங்கச்சி கைப்பக்குவம் நல்லாருக்குங்க," என்று என்னிடமே சொன்னார்.

தீர்ப்பு வந்தது. கமிஷனர் யாருக்கும் குறை வைக்காமல் வெட்டியிருந்தார். கிணற்று நிலத்தில் எனக்கு ஒரு ஏக்கர், அவளுக்கு ஒரு ஏக்கர். ரோட்டு நிலத்திலும் அப்படியே. கிணறு இரண்டு பேருக்கும் பொது, நாள் விட்டு நாள் முறை வைத்து இறைத்துக்கொள்ள வேண்டும். இறைக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. செலவைப் பற்றிக் கடைசிப் பாராவில் இருந்தது. மெமோ தாக்கலான நாள்வரை அவரவர் செலவு அவரவருக்கு. எந்தப் பாதியையும் கொடுக்கப் பிரதிவாதி தயாராக இருந்தும் வாதி காரணமில்லாமல் மறுத்ததால், அதற்குப் பிறகு பிரதிவாதிக்கு ஆன செலவை வாதியே கொடுக்க வேண்டும். காரணமில்லாமல் என்பதை என் வக்கீல் கொஞ்சம் மெதுவாகப் படித்தார்.

கையில் காசில்லை. என் வக்கீலுக்கே பாக்கி. மதுரைக்கு அப்பீல் போகலாமா என்று நான் கேட்டதும், என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "போதும்டி. ஏழு சைக்கிளு இருக்கு, அதுல நீ ஏறிப் போறியா?" என்றார். என் பங்கு இரண்டு துண்டையும் விற்றுவிடுவதென்று முடிவானது. வாங்கியவர் கன்னிவாடிப் பக்கத்துக்காரர். அரிசி மில் வைக்க அங்கே யாரும் வரவே இல்லை. கிணறு பொது என்பதால் தங்கையும் வந்து சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அப்படித்தான் ரிஜிஸ்தர் ஆபீஸில் ஒரே பெஞ்சில் நானும் அவளும் உட்கார்ந்தோம்.

பக்கத்தில் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். முகம் வாடித்தான் இருந்தது. நான் இத்தனை காலம் பார்க்க நினைத்த முகம் அதுதான், ஆனால் பார்த்ததும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயிற்றில் பசி போலச் சும்மா ஒரு காலி.

நிலம் வாங்கியவர் கொடுத்த பணத்தில் அவளுக்குச் சேர வேண்டிய செலவுத் தொகையை அங்கேயே கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிப் பெரிய மனுஷியாகிவிடுவாளோ என்று பயந்துகொண்டுதான் நீட்டினேன். அவள் வாங்கி எச்சில் தொட்டு எண்ணினாள். "என் மாடு ரெண்டும் போச்சுக்கா," என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்காக அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

அவள் பஸ்ஸுக்குச் செத்த நேரம் இருந்தது. நான் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்குக் கோயில்ல எதுக்குடி சிரிச்ச?"

"என்னைக்கு?"

"பூ எடுத்தமே, அன்னைக்கு. எனக்குக் கெணறு விழுந்துச்சு. நீ சிரிச்சுக்கிட்டு நின்னியே."

அவள் முந்தானை முடிச்சைத் தடவிக்கொண்டாள். "நீ சிரிச்சக்கா," என்றாள்.

"நானா?"

"ஆமா. பொட்டலத்தப் பிரிச்சுட்டு நிமுந்து என்னயப் பாத்துச் சிரிச்ச. அய்யா செத்ததுக்கப்பறம் நீ என்னயப் பாத்துச் சிரிச்சது அன்னைக்குத்தான். கெணறு போனாப் போகுது, அக்கா இனிமே வீட்டுக்கு வரும்னு நெனச்சேன். அதான் எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. ஒனக்குச் சோறு வேற ஆக்கி வச்சிருந்தேன்."

அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "வாரேன்க்கா," என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். எழுந்து இரண்டு எட்டு வைத்துப் போய் நிறுத்தியிருக்கலாம். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் சிரித்திருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அரளி ஞாபகம் இருக்கிறது, வாழைநார் ஞாபகம் இருக்கிறது, அவள் பல் ஞாபகம் இருக்கிறது. என் சிரிப்பு மட்டும் என்னிடம் இல்லை. அதையும் அவள்தான் இத்தனை வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு அவள் மேல் பொறாமைதான் வந்தது.